டர்பனுக்கு வருகிறவர்கள் விடியுமுன் எழுந்துகொள்ளுங்கள்

சென்ற ஜூலையில் என் அக்கா மகன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்து மூன்று நாள் டர்பனில் தங்கிவிட்டுப் போனான். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, "மாமா, எதை எதைப் பார்க்கணும்னு எழுதி அனுப்புங்க" என்று கேட்டிருந்தான். நான் அனுப்பிய பதிலில் இடங்களின் பெயர்களைவிட மணிக்கணக்குகளே அதிகம் இருந்தன. பதினான்கு ஆண்டுகளாகத் துறைமுகம் சார்ந்த ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் இந்தக் கடற்கரை ஊரில் வாழ்கிறேன். வருகிற உறவினர், நண்பர் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: டர்பன் காலை நேரத்து ஊர். பத்து மணிக்கு எழுந்து, சாப்பிட்டு, குளித்து, மெதுவாகப் புறப்படுகிறவர் இந்த ஊரின் பாதியைப் பார்க்காமலே திரும்பிவிடுவார்.

இதற்கு இயற்கையே நமக்கு ஓர் உதவி செய்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. ஊரில் காலை ஏழு மணிக்கு எழுந்து பழகியவருக்கு இங்கே முதல் இரண்டு நாள் அதிகாலை மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடும். பலர் புரண்டு படுத்து அந்தத் தூக்கத்தை மீட்கப் பார்க்கிறார்கள்; அதைச் செய்யாதீர்கள். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். ஜூன், ஜூலையில் ஏழு மணியை நெருங்கித்தான் உதிக்கும், ஆனால் மாலை ஐந்தேகால் வாக்கிலேயே மறைந்தும் விடும். நகரத்தின் மையப் பகுதி இருட்டியதும் வெறிச்சோடிவிடுகிறது. எனவே பகலின் முன்பாதியை எவ்வளவு நீட்டிக்கொள்கிறீர்களோ அவ்வளவுக்கு ஊர் உங்களுக்குக் கிடைக்கும்.

முதல் நாள் விடியலில் கடற்கரைக்குப் போங்கள். வடக்கே உம்கேனி ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து தெற்கே துறைமுக வாயில் வரை ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டருக்கு அகலமான நடைபாதை போகிறது. நடக்கிறவர், ஓடுகிறவர், மிதிவண்டிக்காரர், பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிற தாத்தா என எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. நார்த் பீச்சுக்கும் டெய்ரி பீச்சுக்கும் நடுவில் கடலுக்குள் நீண்டிருக்கும் பாலங்களின் பக்கம் அலைச்சறுக்கு வீரர்கள் இருட்டு விலகும் முன்பே பலகையோடு தண்ணீரில் கிடப்பார்கள். இந்த அலைகளில் பழகிய ஷான் டாம்சன்தான் 1977-இல் உலக அலைச்சறுக்கு வாகையர் ஆனார்.

ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அலைகளை மட்டும் அன்று. ஞாயிற்றுக்கிழமை விடியலில் சற்றுப் பொறுமையாக மணலில் உட்கார்ந்திருங்கள். வெள்ளையும் பச்சையும் நீலமுமாக நீண்ட அங்கி அணிந்த ஸயன் சபை என்னும் ஆப்பிரிக்கக் கிறித்தவ சபையினர் கோல் ஊன்றியபடி பாடிக்கொண்டே வருவார்கள். போதகர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒவ்வொருவராகக் கடலில் முக்கி ஞானஸ்நானம் கொடுப்பார். அவர்களுக்குப் பத்தடி தள்ளிச் சேலை கட்டிய ஒரு பாட்டி தட்டில் சூடம் ஏற்றி, காற்றுக்குக் கையைக் குவித்துக் காத்தபடி, கடலுக்குப் பூவும் தேங்காயும் விடுவார். உள்நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டிகளில் கடல்நீரை நிரப்பும். ஊரில் உள்ளவர்களுக்கு மருந்தாகவும் காவலாகவும் அதைக் கொண்டுபோகிறார்கள். இவர்கள் யாரும் ஒருவரையொருவர் வேடிக்கை பார்ப்பதில்லை. என் அக்கா மகனின் சின்ன மகள் அந்தப் பாட்டியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். பாட்டி ஒன்றும் கேட்காமல் அவள் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டார்.

இந்தக் காட்சியின் மதிப்பு தெரிய வேண்டுமானால் இதே மணலின் பழைய கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். இனஒதுக்கல் ஆட்சியில் இந்தக் கடற்கரை இனவாரியாகக் கூறுபோடப்பட்டிருந்தது. எந்தத் துண்டு வெள்ளையருக்கு மட்டும் உரியது என்று ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸிலும் இந்தப் பகுதி ஆப்பிரிக்கர்களின் மொழியான ஜூலுவிலும் எழுதிய பலகைகள் நின்றிருந்தன. நல்ல நீச்சல் இடங்கள் எல்லாம் அவர்களிடம் இருந்தன. மக்கள் கூட்டமாகப் போய் அந்தத் தடையை மீறிப் போராடிய பிறகு, 1989-ஆம் ஆண்டின் இறுதியில்தான் நாட்டின் கடற்கரைகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. என் அடுத்த வீட்டுப் பெரியவர் தம் முப்பத்தைந்தாவது வயதில்தான் நார்த் பீச்சில் முதன்முதலாகக் கால் நனைத்ததாகச் சொல்வார். இன்றும் வாரம் தவறாமல் அதே இடத்துக்குத்தான் போகிறார்.

குளிப்பதைப் பற்றிச் சில கண்டிப்பான வார்த்தைகள். உயிர்காப்பாளர்கள் கொடி நட்டிருக்கும் இடத்துக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். கொடியில்லாத இடத்தில் கரையை விட்டு இழுக்கும் நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையும் கொண்டுபோய்விடும். சுறாவுக்காக 1952-ஆம் ஆண்டிலிருந்தே இங்கே கடலில் வலை போட்டிருக்கிறார்கள் என்பதால் அந்தப் பயம் அதிகம் வேண்டாம். வடகிழக்குக் காற்று அடித்த நாட்களில் மணலில் நீல நிறத்தில் குமிழ்போலக் கிடக்கும் புளூபாட்டில் என்னும் உயிரிகளைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நூல்போன்ற வால் பட்டால் சாட்டையடி போல எரியும். எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீரின் தூய்மை. நானூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஊரின் கழிவுநீர்க் கட்டமைப்பு பெரிதும் சேதமடைந்தது. அதற்குப் பிறகு கடற்கரைகளை அவ்வப்போது மூடித் திறக்க வேண்டியிருந்தது. எந்தக் கடற்கரை திறந்திருக்கிறது என்று மாநகராட்சி வெளியிடும் அறிவிப்பைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பெருமழை பெய்தால் இரண்டு மூன்று நாள் கடலில் கால் வைக்காமல் இருப்பதே நல்லது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஊரை நேசிக்கிறவன் மறைக்கக் கூடாத செய்தி இது.

இரண்டாம் நாள் காலை வார்விக் சந்திப்புக்கு உரியது. ரயிலும் பேருந்தும் சிற்றுந்துகளும் வந்து சேரும் அந்த இடத்தில் ஒன்பது சந்தைகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றில் பழையது 1910-இல் தொடங்கிய அதிகாலைச் சந்தை. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்கள் குத்தகை நிலத்தில் காய்கறி பயிரிட்டு, தலையிலும் வண்டியிலும் சுமந்து கொண்டுவந்து விற்றதன் தொடர்ச்சி அது. 2009-இல் அதை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டத் திட்டம் வந்தது. பாட்டனார் காலத்து மேடையில் இன்றும் உட்கார்ந்து விற்கும் குடும்பங்களும், பக்கத்துச் சந்தைகளின் ஆப்பிரிக்க வியாபாரிகளும், வண்டி தள்ளுகிறவர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. சந்தை நிலைத்தது.

ஏழு மணிக்குள் அங்கே போனால் கறிவேப்பிலைக் கட்டுகளின் வாசனை வாசலிலேயே வரவேற்கும். முருங்கைக்காய், பாகற்காய், பச்சை டபுள்பீன்ஸ், சேப்பங்கிழங்கு, கட்டுக்கட்டாகக் கீரை, கூண்டில் உயிருள்ள கோழி என்று நம் ஊர்ச் சந்தைக்குள் நுழைந்ததுபோல இருக்கும். சேப்பங்கிழங்குக்கு இங்கே மடும்பி என்று பெயர். ஜூலு வீடுகளும் தமிழ் வீடுகளும் ஒரே மாதிரி விரும்பிச் சாப்பிடும் கிழங்கு அது. நான் வழக்கமாகக் கீரை வாங்கும் அம்மாவுக்குத் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேச வராது. என்னிடம் ஆங்கிலத்தில் விலை சொல்வார், உதவிக்கு நிற்கும் பையனிடம் ஜூலுவில் கணக்குக் கேட்பார். ஆனால் பையில் ஒவ்வொன்றாக எடுத்துப் போடும்போது மட்டும் "கீரை, முருங்கா, வெண்டிக்கா" என்று தமக்குள் சொல்லிக்கொள்வார். நான்கு தலைமுறைக்கு முன் கப்பலேறிய ஒருத்தியின் வாயிலிருந்து இறங்கி வந்த சொற்கள் அவை. அந்தச் சந்தையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த முணுமுணுப்புதான்.

அதிகாலைச் சந்தையை விட்டு வெளியே வந்தால் பெரிய இரும்புப் பீப்பாய்களில் மக்காச்சோளக் கதிர்களை வேகவைத்து விற்கும் பெண்களைப் பார்க்கலாம். சூடாக ஒன்று வாங்கிக் கடித்துக்கொண்டே நடக்கலாம். பாதியில் நின்றுபோன மேம்பாலம் ஒன்றின்மேல் மூலிகைச் சந்தை இருக்கிறது. வேர், பட்டை, விலங்குத் தோல், முன்னோரை அழைக்கப் புகைபோடும் இம்பெஃபோ என்னும் காய்ந்த செடி எல்லாம் அங்கே விற்கும். அங்கே கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது நாட்டு வைத்தியர்களும் நோயாளிகளும் வந்துபோகும் இடம். வார்விக்குக்குத் தனியாகப் போகவும் வேண்டாம். தெருவோர வியாபாரிகளோடு நீண்டகாலமாக வேலை செய்யும் அசியே எட்டாஃபுலேனி என்ற அமைப்பு அந்தச் சந்தைகளைச் சுற்றிக் காட்ட வழிகாட்டிகளை அனுப்புகிறது. அவர்களோடு போனால் பாதுகாப்பும் கிடைக்கும், விற்கிறவர்களோடு பேசவும் முடியும்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் விக்டோரியா தெருச் சந்தை. 1973-இல் தீயில் எரிந்துபோன பழைய இந்தியச் சந்தைக்குப் பதிலாக எழுந்த கட்டடம் இது. மலைபோலக் குவித்த மசாலாக் கூம்புகளில் மாமியாரை ஒழிக்கும் பொடி என்று ஆங்கிலத்தில் எழுதிச் செருகிய மிளகாய்த்தூளைப் பயணிகள் படம் பிடிப்பார்கள். வாங்குவதென்றால் கண்ணெதிரே கலந்து கொடுக்கும் கடையில் டர்பன் மசாலா வாங்குங்கள். நம் ஊர்க் குழம்புப்பொடியைவிடச் சிவப்பு அதிகம், மல்லி குறைவு, பட்டை கிராம்பு வாசம் தூக்கலாக இருக்கும். பக்கத்துத் தெருவில் ஜும்மா மசூதியும் இம்மானுவேல் பேராலயமும் அண்டை வீடுகள்போல நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் போகும் மதரஸா ஆர்கேட் என்ற குறுகிய கடைச் சந்து நடப்பதற்கே இனிமையானது. தெருக்களின் பெயர்கள் மாறியிருக்கின்றன. கிரே தெரு இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு. பழைய பெயரைச் சொன்னாலும் எல்லோருக்கும் புரியும்.

மதியத்துக்குப் பன்னி சௌ சாப்பிட வேண்டும். பெயரைக் கேட்டு நம்மவர்கள் தயங்குவதுண்டு. பன்றிக்கும் முயலுக்கும் இதில் இடமே இல்லை. கிரே தெருப் பகுதியில் உணவுக்கடை வைத்திருந்த குஜராத்தி வணிகர்களைக் குறிக்கும் பனியா என்ற சொல்லின் திரிபு என்பதே ஊரில் பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். துண்டு போடாத வெள்ளை ரொட்டியைக் கால் அல்லது பாதியாக வெட்டி, உள்ளே இருக்கும் பஞ்சைத் தோண்டி எடுத்து, அந்தக் குழியில் கறிக்குழம்பை நிரப்பித் தருவார்கள். ஆட்டுக்கறிதான் சிறப்பு, ஆனால் உண்மையில் பழையது பீன்ஸ். சைவர்கள் அதைத் தயங்காமல் கேட்கலாம். குவார்ட்டர் மட்டன் என்றால் கால் ரொட்டி என்று பொருள், ஒருவருக்கு அதுவே அதிகம். உம்பிலோ பக்கத்துக் கவுண்டன்ஸ் உணவகம் இதற்குப் பேர்போன இடங்களில் ஒன்று.

சாப்பிடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கரண்டியும் முள்ளும் கேட்காதீர்கள். தோண்டி எடுத்த பஞ்சைக் குழம்பின்மேல் மூடிபோல வைத்திருப்பார்கள். முதலில் அதைப் பிய்த்து மேலே நிற்கும் எண்ணெயில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். பிறகு சுவரின் மேல்விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றிக் கிள்ளிக்கொண்டே இறங்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு பக்கமாகப் பிய்த்தால் சுவர் உடைந்து குழம்பு மடியில் இறங்கிவிடும். உள்ளே குழம்பை உறிஞ்சிக்கொண்டு கிடக்கும் உருளைக்கிழங்குத் துண்டைக் கடைசிவரை காப்பாற்றி வையுங்கள். துருவிய காரட், வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்து வினிகர் தெளித்த சம்பல் கூடவே வரும். அடியில் ஊறிப்போன ரொட்டித் தரைதான் இந்த உணவின் உச்சம் என்பது என் தீர்மானமான கருத்து.

தமிழர்கள் இந்த ஊருக்கு எப்படி வந்தார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு இங்கே வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கும் ரயில்வேக்கும் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள்: கோவெண்டர் என்பது கவுண்டர், மூட்லி என்பது முதலி, பிள்ளை, படையாச்சி, நாயுடு, செட்டி எல்லாம் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. மொழி பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் கோயில் போகவில்லை. உம்கேனி சாலையில் உள்ள வைத்தியநாத ஈஸ்வரர் ஆலய வளாகத்தில் தைப்பூசத்துக்கும் சித்திரைக்கும் காவடி எடுக்கிறார்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோயிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. அதன் வழிவந்த அம்பலவாணர் ஆலயம் இன்று கேட்டோ மேனரில் இருக்கிறது, தீமிதிக்குப் புகழ்பெற்றது. ஈஸ்டர் விடுமுறையில் வருகிறவர்கள் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போங்கள். மாரியம்மனுக்குப் பெரிய வெள்ளியில் ஏன் திருவிழா என்றால், தோட்டத் தொழிலாளிக்கு அந்த நாட்களில்தான் விடுமுறை கிடைத்தது. அம்மன் நாளைத் தோட்ட முதலாளியின் நாட்காட்டிக்குள் நுழைத்துக் காப்பாற்றி வைத்த அந்த மக்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழும்.

மூன்றாம் நாளில் ஒரு காலையை இனாந்தாவுக்கு ஒதுக்குங்கள். காந்தி 1904-இல் ஃபீனிக்ஸ் குடியிருப்பை நிறுவிய இடம் அங்கே இருக்கிறது. சர்வோதயா என்ற அவருடைய சிறிய வீடு 1985 கலவரத்தில் எரிந்து, பிறகு மீண்டும் கட்டப்பட்டு 2000-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஓலாங்கே பள்ளி. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முதல் தலைவரான ஜான் டூபே நிறுவியது அது. 1994 ஏப்ரல் 27 அன்று நெல்சன் மண்டேலா தம் வாழ்வின் முதல் வாக்கை அங்கேதான் செலுத்தினார். இதற்கும் வழிகாட்டியோடு, பகல் வெளிச்சத்திலேயே போய்த் திரும்ப வேண்டும்.

பிற்பகல்களுக்கு நான் சொல்வது தாவரவியல் பூங்கா. 1849-இல் தொடங்கிய இது ஆப்பிரிக்காவில் இன்றுவரை நிலைத்திருப்பவற்றில் மிகப் பழையது. அங்கே உட்ஸ் சைக்கட் என்ற மரம் ஒன்று உண்டு. 1895-இல் ஊங்கோயே காட்டில் ஒரே ஓர் ஆண் மரமாகக் கண்டெடுக்கப்பட்டு, அதன் தண்டுகளைப் பெயர்த்து இங்கே நட்டார்கள். பெண் மரம் இதுவரை உலகில் எங்கும் கிடைக்கவில்லை. உலகத் தோட்டங்களில் இந்த இனமாக நிற்பவை எல்லாம் அந்த ஒற்றை மரத்தின் பக்கக்கன்றுகளே. ஈச்சை ஓலைபோல வளைந்து பளபளக்கும் அதன் இலைகளுக்கு அடியில் நிற்கும்போது பிள்ளைகள்கூடப் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

பிள்ளைகள் கேட்டால் உஷாகா கடல்வாழ் உயிரினக் காட்சியகம், கால்பந்துப் பிரியர்களுக்கு 2010 உலகக் கோப்பைக்காகக் கட்டிய மோசஸ் மபீடா அரங்கம், மாலை நடைக்குச் சிவப்பும் வெள்ளையுமான கலங்கரை விளக்கம் நிற்கும் உம்லாங்கா. வணிக வளாகங்களைப் பார்க்க இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

வருவதற்கு ஏற்ற மாதங்கள் மே முதல் ஆகஸ்ட் வரை. அப்போதுதான் இங்கே குளிர்காலம். ஆனால் வெயில் தெளிவாக இருக்கும், மழை குறைவு, கடல்நீரும் குளிக்கும் அளவுக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும். ஜூனிலிருந்து நவம்பர் வரை திமிங்கலங்கள் கரையோரமாகப் போவதும் தெரியும். டிசம்பர் கடைசியில் வியர்வையும் கூட்டமும் தாங்காது. புத்தாண்டு நாளில் கடற்கரையில் பிள்ளைகள் காணாமல் போகாதிருக்கக் கையில் அடையாளப் பட்டை கட்டும் அளவுக்கு மக்கள் திரள்வார்கள். டர்பனுக்கு மலேரியா மாத்திரை தேவையில்லை. வாகனங்கள் நம் ஊர்போல இடப்பக்கமே ஓடுகின்றன. நம் வீட்டு 15 ஆம்பியர் தடித்த மூன்று முள் பிளக் இங்கே அப்படியே பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கைப்பேசியைத் தெருவில் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், நகையை வீட்டிலேயே விட்டு வாருங்கள், இருட்டிய பிறகு நடக்காமல் செயலிவழி வாடகைக் காரையே எடுங்கள். ஜூலுவில் இரண்டு சொற்கள் போதும். எதிர்ப்படுகிறவரிடம் "சவுபோனா" என்று சொல்லுங்கள். உங்களைக் காண்கிறோம் என்பது அதன் நேர்ப்பொருள். நன்றிக்கு "ங்கியபோங்கா". கடைக்காரரானாலும் காவலாளியானாலும் வணக்கம் சொல்லாமல் நேராகக் காரியத்தைக் கேட்பது இங்கே மரியாதைக் குறைவு.

விமானம் ஏறும் நாளிலும் ஒரு காலை மிச்சமிருக்கும். கிங் ஷாக்கா விமான நிலையம் ஊருக்கு வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆகவே அவசரம் இல்லை. அந்தக் காலையில் நடைபாதையின் தென்கோடிக்கு, துறைமுக வாயிலுக்குப் போங்கள். என் அக்கா மகன் குடும்பத்தை அங்கேதான் கடைசியாக அழைத்துப்போனேன். சரக்குப் பெட்டிகளை ஆறேழு அடுக்காக ஏற்றிய கப்பல் ஒன்று இழுவைப் படகுகளோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்த வாய்க்கால் குறுகலானது. கப்பலின் பக்கச் சுவரில் துருப்பிடித்த கோடுகளும் மேல்தளத்தில் நின்ற மாலுமிகளின் முகமும் தெளிவாகத் தெரிந்தன. "இதே வழியாத்தான் அவங்க வந்தாங்களா மாமா?" என்று அவன் கேட்டான். அப்போது வாயிலில் மணல்திட்டு மூடிக் கிடந்ததால் பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு, ஆட்களைப் படகில் இறக்கிக் கரைசேர்ப்பார்கள் என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டுக் கடலைப் பார்த்து நின்றான். சின்னவள் கப்பலைப் பார்த்துக் கையசைத்தாள். மேலே நின்ற மாலுமிகளில் ஒருவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.